மெயினை அணைத்த பிறகும் எரிந்த விளக்கு

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வயரிங் விதிகளைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அவை புத்தகத்தில் இருக்கின்றன, உங்களுக்குப் படிக்கத் தெரியும். தெரியாதென்றால் உங்களை வேலைக்கு எடுத்தவரைத்தான் கேட்க வேண்டும். நான் பேசப்போவது, அந்தப் புத்தகம் கையில் இருந்தும் நான் வெலவெலத்துப்போய் நின்ற ஒரு காலை நேரத்தைப் பற்றி.

தீ இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக வீடு வீடாகப் போய் வயரிங் பார்த்தவன் நான். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு இந்தப் பக்கமெல்லாம் என் சைக்கிள் போகாத தெரு கிடையாது. அப்போதுதான் வீடுகளுக்கு மின்சாரம் வந்துகொண்டிருந்த காலம். ஜனங்களுக்கு ஆசையும் பயமும் சரிபாதி. தியாகராய நகரில் ஒரு புது பங்களாவில், ப்யூஸ் அடிக்கடி போகிறதென்று கொண்டை ஊசியை வளைத்துச் செருகி வைத்திருந்தார்கள். "இப்ப போகவே மாட்டேங்குது சார்!" என்று வீட்டுக்காரர் என்னிடமே பெருமை பேசினார். அடையாற்றில் ஒரு மனிதர், ஈரக்கையால் ஸ்விட்சைத் தொடக் கூடாது என்று யாரோ சொன்னார்களாம், அதனால் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு ஸ்விட்ச் போட்டுக்கொண்டிருந்தார். அடப்பாவி மனுஷா என்று தலையில் அடித்துக்கொண்டேன். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நானும் அப்போது சிரித்தவன்தான்.

ஆனால் மயிலாப்பூர் வக்கீல் வீட்டை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. 

முப்பதுகளின் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை. குளத்துக்குப் பின்னால் இருக்கும் தெரு. வக்கீல் தன் சட்டப் புத்தகங்களுக்காக வீட்டை இன்ஷூர் செய்ய விரும்பினார். அலமாரி அலமாரியாக அடுக்கி வைத்திருந்தார். ஆசாமி மரியாதையானவர், கொஞ்சம் பயந்த சுபாவம். வீடு முழுவதையும் நான் பார்த்து, வயரிங் ஒழுங்காக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டால்தான் கம்பெனி பாலிசி கொடுக்கும். முழுவதையும் என்ற வார்த்தையைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

நான் போனபோது வாசலில் பெண்கள் கூட்டம். தலைக்குக் குளித்து நுனி முடிச்சுப் போட்டுக்கொண்டு, கையில் பூவும் பழமுமாக நின்றார்கள். வீட்டில் விசேஷமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பாதி சரி. வக்கீலின் பெண் ராஜத்துக்கு அன்று வளைகாப்பு. ஆனால் அந்தப் பெண்களில் பலர் வளைகாப்புக்கு வந்தவர்கள் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வயரிங் வேலையைச் செய்த கரீம் பாய் எனக்காக நடையில் காத்திருந்தார். திருவல்லிக்கேணிக்காரர். வேலை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். கூடத்துச் சுவரில் தான் அடித்த மரச்சட்டங்களைத் தடவித் தடவிக் காட்டினார்.

"பாரு சார், எல்லாம் தேக்கு. உள்ள எங்கனா ஒரு ஜாயிண்ட் கீதான்னு தொறந்து பாரு. கீதுன்னா என் பேரை மாத்திக்கினு போறேன்."

"உங்க பேரு நல்லாத்தான் இருக்கு பாய், அப்படியே வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு ஒவ்வோர் அறையாகப் பார்த்தேன். உண்மையிலேயே நல்ல வேலை. ஆபீஸ் அறை, படுக்கை அறைகள், மாடி, எங்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூடத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பகலிலும் இருட்டான வீடு என்பதால் விளக்குகளும் எரிந்தன. வக்கீல் என் பின்னாலேயே வந்தார்.

"நான் ரொம்ப ஜாக்கிரதை சார். ராத்திரி படுக்கப் போறச்சே வாசல் கதவைத் தாழ்ப்பாள் போடறேனோ இல்லையோ, மெயினை இறக்கிடுவேன். கார்த்தாலதான் மறுபடி போடறது."

"ரொம்ப நல்ல வழக்கம்" என்றேன். பின்கட்டுப் பக்கம் நடந்தேன். வக்கீல் சட்டென்று எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"அங்கே மட்டும் வேண்டாம் சார். சமையல் உள்ளும் சுவாமி உள்ளும் எங்க அக்கா ராஜ்யம். அக்கா ரொம்ப ஆசாரம். நானே குளிச்சுட்டு மடி உடுத்திண்டுதான் உள்ள போகணும். நீங்க..." என்று இழுத்தார்.

நான் சாந்தோம் கிறிஸ்துவன். அவர் முடிக்காமல் விட்ட வாக்கியம் எனக்குப் பழக்கமானதுதான். அந்த வட்டாரத்தில் பாதி வீடுகளில் அதே வாக்கியம் அதே இடத்தில்தான் நிற்கும்.

"அப்ப உள்ள வயரிங் யாரு பண்ணினது? பாயா?"

"என்னியா? என்னிய எங்க சார் உள்ள வுட்டாங்க!" என்று கரீம் பாய் பொரிந்து தள்ளினார். "செவுத்துல ஓட்டை போட்டு ரெண்டு வயரை அந்தாண்ட நீட்டுன்னாங்க. நீட்டினேன். அத்தோட என் வேலை முடிஞ்சிபோச்சி. உள்ளாற இன்னா கீதுன்னு அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும்."

வக்கீல் குரலைத் தாழ்த்தினார். "நம்ம சேஷு பண்ணினான். காலமான என் ஆத்துக்காரியோட தம்பி. ராயப்பேட்டையில கிராமபோன் ரிப்பேர் பண்றான். ரொம்பக் கெட்டிக்காரன்."

கிராமபோன்! எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டேன். சார், வீடு முழுக்கப் பார்த்தால்தான் கையெழுத்து, சமையலறையை விட்டுவிட்டுப் பற்றுகிற நெருப்பு ஒன்றும் நான் கேள்விப்பட்டதில்லை என்றேன். அவர் வக்கீல் இல்லையா, உடனே வாதாட ஆரம்பித்துவிட்டார். எழுதிக் கொடுக்கிறேன் என்றார், நான் பொறுப்பு என்றார். நான் முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்படி நாங்கள் பின்கட்டு வாசலில் நின்று இழுத்துப் பறித்துக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து இரண்டு பெண்கள் வெளியே வந்தார்கள். ஒருத்தி மற்றவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"இன்னிக்கு ரொம்ப பலமா இருந்ததுடி. போன வெள்ளிக்கிழமை விரல்லதான் இருந்தது. இன்னிக்கு முழங்கை வரைக்கும் ஏறித்து."

எனக்குச் சுருக்கென்றது. "அம்மா, என்ன ஏறிச்சு?" என்று கேட்டேன்.

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, தெரியாதவனுக்குச் சொல்வதில் ஒரு சந்தோஷம் இருக்கிறதே, அந்தச் சந்தோஷத்தோடு சொன்னாள். "இந்த ஆத்து சுவாமி உள்ளில அம்பாள் சாந்நித்தியம் வந்திருக்கு. சர விளக்கைத் தொட்டா உடம்பு ஜிவ்வுனு சிலிர்க்கறது. வக்கீலோட அக்கா தர்மு மாமிக்குத்தான் முதல்ல தெரிஞ்சுது. இப்ப தெருவே வந்து தொட்டுட்டுப் போறது. நாளுக்கு நாள் கூடிண்டே வரதுன்னா பாருங்கோளேன்!"

நாளுக்கு நாள் கூடிக்கொண்டே வருகிறது.  கரீம் பாயைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "யா அல்லா" என்று மட்டும் சொன்னார்.

சர விளக்கு என்றால் உத்தரத்திலிருந்து பித்தளைச் சங்கிலியில் தொங்கும் எண்ணெய் விளக்கு. வக்கீலைக் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டு விஷயத்தைப் பிடுங்கினேன். அம்பாள் படத்துக்கு மேல் சேஷு ஒரு சின்னச் சிவப்பு பல்ப் போட்டிருக்கிறான். அதற்குப் போகும் நூல் சுற்றிய வயரை, பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று, சர விளக்கின் சங்கிலியில் கொடி மாதிரி சுற்றிக் கொண்டுபோயிருக்கிறான். எண்ணெயும் நெய்யும் வழிகிற சங்கிலி. நூலும் ரப்பரும் ஊறி நைந்து, உள்ளே இருக்கும் செம்பு சங்கிலியில் பட்டுவிட்டது. தொட்டுக் கும்பிட்டவர்கள் அத்தனை பேரும் ஷாக்கைத் தொட்டுக் கும்பிட்டிருக்கிறார்கள்.

"அப்படின்னா யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?" என்று வக்கீல் கேட்டார். நியாயமான கேள்வி. நானும் அதைத்தான் யோசித்தேன்.

"தொடறப்ப எங்க நிப்பாங்க?"

"மணைப் பலகையிலதான். அக்கா பூஜைக்குப் போட்டுக்கற பலகை. வெறுந்தரையில நிக்கப்படாதுன்னு எல்லாரையும் அதுமேல ஏறி நிக்கச் சொல்லுவா."

ஒரு மரப்பலகை. காய்ந்த மரப்பலகை. தெருவில் இருந்த அத்தனை பெண்களையும் அதுதான் காப்பாற்றிக்கொண்டிருந்தது. கால் கழுவிவிட்டு ஈரக்காலோடு ஏறி ஏறி, அதுவும் நனைந்துகொண்டே வந்திருக்கிறது. அதனால்தான் விரலில் இருந்தது முழங்கைக்கு ஏறியிருக்கிறது. 

அந்தச் சமயம் பார்த்து, பின்கட்டிலிருந்து ராஜத்தை அழைத்துக்கொண்டு வந்தார்கள். இருபது வயதுகூட இருக்காது. நிறைமாதத்தை நெருங்கிய வயிறு. எண்ணெய் தேய்த்துக் குளித்த தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தரையெல்லாம் அலம்பி, ஈரக் கோலம். வெறும் ஈரக்காலோடு நடந்து வந்தாள்.

உள்ளேயிருந்து ஒரு குரல், "பலகையை என் கிட்ட நகர்த்திடுங்கோடி, நான் ஏறி நின்னுக்கறேன். பிள்ளைத்தாச்சி தடுக்கி விழுந்து வைக்கப் போறா. அவ தரையிலேயே நிக்கட்டும்" என்றது. தர்மு அம்மாள், வக்கீலின் அக்கா.

நான் கத்தினேன். "பாய்! மெயினை இறக்குங்க!"

கரீம் பாய் நடைக்கு ஓடி மெயினை இறக்கினார். விசிறி நின்றது. கூடத்து விளக்குகள் அணைந்தன. அப்பாடா என்று மூச்சு விட்டேன். வக்கீலும் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அக்கா! கரண்டை நிறுத்தியாச்சு. அது அம்பாள் இல்லையாம், கரண்டாம். இந்த சார் சொல்றார்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

 பிறகு அந்த அம்மாளின் குரல், ஆனந்தத்தில் நடுங்கிக்கொண்டு வந்தது.

"டேய் அம்பி! இருக்காளேடா! நீ நிறுத்தினப்புறமும் இருக்காளே! இதோ தொட்டுண்டுதானே இருக்கேன்!"

பெண்கள் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பொய் சொல்லப்போவதில்லை, அந்த ஒரு கணம் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. மெயினை இறக்கியாகிவிட்டது. என் கண் முன்னால் விசிறி நின்றுவிட்டது. பிறகு எப்படி? சாந்தோம் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவன், அங்கே நின்று சிலுவை போட்டுக்கொண்டேன்.

பிள்ளைகளே, நம் தொழிலில் ஆளைக் கொல்வது இந்தக் கணம்தான். 'அணைத்தாகிவிட்டது' என்று நாம் நம்புகிற கணம். மெயினை இறக்காத வீட்டில் எல்லோரும் ஜாக்கிரதையாக இருப்பார்கள். இறக்கிய வீட்டில்தான் கையை நீட்டுவார்கள். ஸ்விட்ச் என்ன சொல்கிறது என்று பார்க்காதீர்கள், வயர் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

எனக்கு அன்று சொன்னது சுவர். சுவாமி அறைக்குள் என்னால் பார்க்க முடியவில்லை. ஆனால் அதற்கு எதிரே இருந்த வெள்ளைச் சுவரில் லேசாகச் சிவப்பு வெளிச்சம் விழுந்திருந்தது. வீடே அணைந்து கிடக்கிறது, சிவப்பு பல்ப் மட்டும் எரிகிறது! சேஷு அந்த வயரை மெயினுக்குக் கீழே கொடுக்கவில்லை. மெயினுக்கு மேலே, மீட்டரிலிருந்து வருகிற இடத்திலேயே பிடித்திருக்கிறான். அதை நிறுத்த வேண்டுமானால் மீட்டருக்கு முன்னால் இருக்கும் பெரிய ப்யூஸை, கட்-அவுட் என்பார்கள், அதைப் பிடுங்க வேண்டும். அது சப்ளை கம்பெனியின் சொத்து. ஈய சீல் வைத்திருக்கும்.

"பாய்! சீலை உடைச்சு கட்-அவுட்டைப் பிடுங்குங்க!"

"ஐயோ சார், கம்பெனி சீலு கீது! என்னிய உள்ள தள்ளிடுவான் சார்! புள்ளகுட்டிக்காரன் நானு!"

"நான் பதில் சொல்லிக்கிறேன். பிடுங்குங்க!"

பாய் தயங்கினார். இங்கே ராஜம் சுவாமி அறை வாசற்படியைத் தாண்டிவிட்டாள். "வாடி கொழந்தே, வந்து தொடு, இன்னிக்குத் தொட்டா அம்பாளே வந்து பிள்ளை பெத்துக் கொடுப்பா" என்று அத்தை கூப்பிடுவது கேட்கிறது. "அம்மா! தொடாதே! செத்துப்போவே!" என்று நான் அலறுகிறேன். யார் கேட்கிறார்கள்? அம்பாள் மெயினை மீறி நிற்கிறாள், இன்ஷூரன்ஸ்காரன் கத்துகிறான். யார் பேச்சு எடுபடும், நீங்களே சொல்லுங்கள். வக்கீல் என்னைப் பார்க்கிறார், உள்ளே பார்க்கிறார்.

ஓடிப்போய் அவளைப் பிடித்து இழுக்கலாம். அவள் கை ஏற்கெனவே சங்கிலியில் பட்டிருந்தால் அவளோடு நானும் போவேன். ஷாக் என்று எத்தனை முறை கத்தினாலும் அந்த வார்த்தைக்கு அந்த அறையில் அர்த்தமில்லை. அவர்களுக்குப் புரிகிற ஒரே ஒரு ஆபத்துதான் அந்த வீட்டில் இருந்தது. அது நான்.

சமையலறை வாசற்படியைத் தாண்டினேன். வெறுங்காலோடு அந்த ஈரத் தரையில் இரண்டே எட்டில் சுவாமி அறை வாசலுக்குப் போனேன். உள்ளே காலை வைத்து, அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "நான் உள்ள வந்துட்டேன்! மடி போச்சு! எல்லாம் தீட்டு! யாரும் எதையும் தொடாதீங்க!"

அடேயப்பா, அந்தச் சத்தம்! பாத்திரம் உருளுகிறது, "ஐயையோ" என்று நாலைந்து குரல், யாரோ அழுகிறார்கள். ஆனால் எல்லாக் கைகளும் சட்டென்று பின்னால் போயின. ராஜத்தின் கையும்தான். அது அந்தச் சங்கிலிக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நான் என் கண்ணால் பார்த்தேன். பயத்தில் அந்தக் கையை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு அவள் என்னையே பார்த்தாள்.

அப்போதுதான் சிவப்பு விளக்கு அணைந்தது. நடையிலிருந்து, "பிடுங்கிட்டேன் சார்! சீலை உடைச்சிட்டேன்! நீதான் சாட்சி!" என்று கரீம் பாய் அலறினார்.

அதற்குப் பிறகு வாங்கிய வசவுகளை உங்களிடம் சொல்ல முடியாது. பயந்த சுபாவம் என்றேனே, அந்த வக்கீலுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. உன்னைக் கோர்ட்டில் நிறுத்தாமல் விடமாட்டேன் என்றார்.   என் பையிலிருந்து சோதனை விளக்கை எடுத்தேன். ஒரு பல்பு, அதிலிருந்து நீளமாக இரண்டு வயர், அவ்வளவுதான். எல்லோரையும் கூடத்துக்குப் போகச் சொல்லிவிட்டு, ஒரு முனையைச் சர விளக்கின் சங்கிலியில் மாட்டினேன். மற்றதை முற்றத்துக் குழாயில் கட்டினேன். "பாய், கட்-அவுட்டைத் திரும்பப் போடுங்க."

பல்பு பளீரென்று எரிந்தது. மினுக்கவில்லை, மங்கவில்லை. கூடத்தில் தொங்கும் விளக்கு எப்படி எரியுமோ அப்படி எரிந்தது.

"பாத்துக்குங்க. மெயின் இறக்கித்தான் இருக்கு. இந்த பல்ப் இருக்கிற இடத்துலதான் உங்க பொண்ணு நின்னிருப்பா" என்றேன்.

வக்கீல் அந்த பல்பைப் பார்த்தார். பிறகு ராஜத்தைப் பார்த்தார்.  ராஜம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். விரலில் இருந்தது, முழங்கைக்கு ஏறியது என்று பேசிய அம்மாள் தன் முழங்கையைத் தடவிக்கொண்டே சுவரோரமாக நகர்ந்து நின்றாள்.

கொஞ்சம் தெளிந்ததும் வக்கீல் கரீம் பாய் மேல் பாய்ந்தார். "நீதானேய்யா வயரிங் பண்ணினே! மெயினுக்கு மேல எப்படிய்யா கொடுத்தே?"

"சாமி, வார்த்தையை அளந்து பேசு!" பாய் விடுவாரா? "நான் மெயினுக்குக் கீழ குடுத்துட்டுப் போனேன். உன் கிராமபோன்காரன் வந்து மாத்திக்கீறான். என்னிய உள்ள வுட்டிருந்தா இந்த வேலை நடந்திருக்குமா? நல்லாக் கேக்க வந்துட்டாரு!"

"அவனையும் வையாதே, சேஷுவையும் வையாதே." தர்மு அம்மாள் சமையலறை நிலைப்படிக்குள் நின்றபடியே பேசினார். அப்போதுதான் நான் அவரைச் சரியாகப் பார்த்தேன். மழித்த தலையில் முக்காடு, நார்மடிப் புடவை. சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். "நான்தான் சொன்னேன். நீ ராத்திரியானா எல்லாத்தையும் அணைச்சுட்டுப் போயிடறே. அம்பாள் இருட்டில இருக்கப்படாதுடா, அவ விளக்கு மட்டும் அணையாம இருக்கும்படியா பண்ணிக் கொடுடான்னு சேஷுகிட்ட நான்தான் கேட்டேன்."

  அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். "நிஜமா கரண்ட்தானா?"

"ஆமாம்மா."

"இத்தனை நாளும்?"

"ஆமாம்மா."

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "கார்த்தால எழுந்ததுலேர்ந்து மடி. மேல படாதே, மேல படாதேன்னே காலம் போயிடுத்து. தாயில்லாத இவளை நான்தான் வளர்த்தேன். இன்னிக்கு இவளுக்கு வளைகாப்பு. நான் ஒரு வளையல் போடப்படாது, எதிர்லயே வரப்படாது. என்னை யாரு தொடறா? அவளாவது தொடறாளேன்னு நினைச்சுண்டிருந்தேன். சரி, நான் தொடாட்டாலும் இந்தக் கொழந்தையை அவ தொடட்டும்னுதான் கூப்பிட்டேன்." முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். "கொல்லப் பாத்தேனே. என் கையாலேயே கொல்லப் பாத்தேனே!"

ஒரு வயர் ஆளைக் கொல்லும் என்று எனக்குத் தெரியும். அதே வயர் ஒருவருக்கு அத்தனை நாள் துணையாக இருந்திருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மெயினுக்கு மேலே எரிந்த பல்பைவிட இந்தப் பேச்சுத்தான் என்னை உலுக்கிவிட்டது. அன்று நான் மத்தியானச் சாப்பாடு சாப்பிடவில்லை.

வளைகாப்பைத் தள்ளிப்போட்டார்கள். சீலை உடைத்ததற்கு சப்ளை கம்பெனி என்ஜினியர் வந்து முதலில் எங்கள் இருவரையும் பிடித்துக் கத்தினார். போர்டைக் கழற்றி, பின்னால் சேஷு முறுக்கி வைத்திருந்த வயரைக் காட்டினேன். அதைப் பார்த்ததும் கத்துவதை நிறுத்திவிட்டுத் தானே உட்கார்ந்து புது சீல் வைத்தார். நான் வக்கீலுக்கு ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். கரீம் பாய் உள்ளே போய் வேலை செய்ய வேண்டும், பிறகு நான் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் பாலிசி கிடையாது. அவர் அக்காவைப் பார்த்தார். "வரச் சொல்லுடா. அவா வந்துட்டுப் போனா அலம்பி விட்டுக்கலாம். பொண்ணு போயிட்டா என்னடா பண்ணுவே?" என்றார் தர்மு அம்மாள். கரீம் பாயும் சும்மா போகவில்லை. வேலை முடிகிற வரைக்கும், "இன்னா, இப்ப மட்டும் உள்ள வர்லாமா?" என்று வக்கீலைச் சீண்டிக்கொண்டேதான் இருந்தார்.

கடைசிச் சோதனைக்கு நான் போன அன்றுதான் தள்ளிப்போட்ட வளைகாப்பும் வைத்திருந்தார்கள். சங்கிலியில் இப்போது வயர் இல்லை. சிவப்பு பல்ப் மரச்சட்டத்தின் வழியாக, மெயினுக்குக் கீழே இணைந்திருந்தது. எர்த் கம்பி முற்றத்துக் குழாய்க்குப் போயிருந்தது. கரண்ட் கசிகிறதா என்று காட்டும் மெக்கர் கருவியின் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தேன், எல்லாம் சரி. முதலில் நானே சர விளக்கைத் தொட்டேன். அப்புறம் வக்கீல் தொட்டார். பெண்கள் தூரத்திலேயே நின்றார்கள், ஒருவரும் கிட்டே வரவில்லை.

"அம்மா, நீங்க தொட்டுப் பாருங்க" என்றேன்.

தர்மு அம்மாள் பலகையில் ஏறவில்லை. வெறுந்தரையில் நின்று சங்கிலியைப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"ஒண்ணுமில்லை" என்றார்.

சோதனை முடிந்து 'ஒண்ணுமில்லை' என்று கேட்பதைவிட நம் தொழிலில் நல்ல வார்த்தை கிடையாது. எத்தனையோ வீடுகளில் அதைக் கேட்டுச் சந்தோஷமாகச் சைக்கிளில் ஏறியிருக்கிறேன். இந்த அம்மாள் சொன்னபோது என்னால் அப்படிக் கேட்டுக்கொள்ள முடியவில்லை. முகத்தைக் காட்டாமல் குனிந்து மெக்கரைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ராஜம் கூடத்திலிருந்து எழுந்து வந்தாள். இரண்டு கையிலும் வளையல்கள் பாதிதான் ஏறியிருந்தன. யாரோ, "எங்கேடி போறே, மடிடி, அத்தை மேல பட்டுடப் போறே" என்று பதறினார்கள். அவள் காதில் வாங்கவில்லை. சமையலறை நிலைப்படியைத் தாண்டி அத்தைக்கு எதிரே வந்து நின்று, ஒரு பச்சைக் கண்ணாடி வளையலை நீட்டினாள்.

"இதை நீங்க போடுங்கோ அத்தை."

"நான் போடப்படாதுடி கொழந்தே. வேண்டாம். எல்லாரும் என்ன சொல்லுவா?" அந்த அம்மாள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

ராஜம் கையை மடக்கவே இல்லை. அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள்.

"தொடுங்கோ அத்தை. ஷாக் எல்லாம் அடிக்காது."